தட்டை வலப்பக்கம் நகர்த்தவும்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான், இரண்டு ஆடுகள், கால் சுளுக்கிக்கொண்ட கோழி எல்லோரும் நலம். அங்கே நீ, மாமா, சின்ன மாமா, அத்தை, உன் வயிற்றுக்குள் வாடகை கொடுக்காமல் குடியேறியிருக்கும் ஆள் எல்லோரும் நலமா?

போனிலேயே கேட்டிருக்கலாம். உன் வீட்டுப் போன் உன் மாமியார் கையில். அத்தைக்குக் காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கர். போன முறை நான் "உன் நாத்தம் பிடிச்ச சாக்ஸ் இங்கயே கிடக்கு" என்றதும் பின்னால் சின்ன மாமா சிரித்தது எனக்கே கேட்டது. ஆகவே இனி கடிதம்தான். உனக்கும் எனக்கும் மட்டும்.

முக்கியச் செய்தி! நேற்று விவசாய ஆபீசர் வந்தார். அம்மா முழங்கால் வரை சேற்றோடு மண்வெட்டியும் கையுமாக வாசலில் நிற்கிறாள். அவர் அவளைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"விவசாயி இருக்காராம்மா?"

"சொல்லுங்க," என்றாள் அம்மா.

"இல்லம்மா, விவசாயி. நிலத்துல வேலை பாக்கிறவரு."

என் வாய் சும்மா இருக்குமா? "இருக்கார் சார். கட்டில்ல விளைஞ்சுகிட்டு இருக்கார். அறுவடைக்கு நேரமாகும்" என்றேன். உள்ளே அப்பாவின் குறட்டை சரியாக அந்த நேரம் பார்த்து ஆமாம் போட்டது. ஆபீசர் சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கி, அம்மாவின் காலைப் பார்த்து, மண்வெட்டியைப் பார்த்து, பையிலிருந்து விதைப் பொட்டலங்களை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். கீரை, அவரை, பூசணி, தக்காளி.

இப்போது வீட்டில் போர். நம் நிலம் முழுக்க மக்காச்சோளம்தான், உனக்குத் தெரியுமே. தீவனக் கம்பெனி லாரி வந்து மொத்தமாக வாரிக்கொண்டு போகிறது. ஊர் உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் படியளக்கும் வீட்டில், நாம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எதிர்வீட்டு முருங்கைமரத்தை ஏக்கமாகப் பார்க்கிறோம். அம்மா ஒரு மூலை கேட்கிறாள். அப்பா, "சோளத்துக்கு நடுவுல கீரையா? லாரிக்காரன் சிரிப்பான்" என்கிறார்.

அம்மா கேட்கச் சொன்னாள்: இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?

இப்படிக்கு,
வாலு
(சித்தி பதவிக்குக் காத்திருப்போரில் முதல் ஆள், ஒரே ஆள்)


பிப்ரவரி 21

அன்பு வாலுவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. உனக்கும் எனக்கும் மட்டும் என்று எழுதியிருந்தாய். தபால்காரர் மாமா கையில் கொடுத்தார், மாமா அதைக் கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தார். அத்தைக்குக் காது மந்தம் என்ற வரியை இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தார்.

பயப்படாதே. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டிலில் விளையும் விவசாயியை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் நான் வந்த பிறகு கேட்டதில்லை. இனி உன் கடிதம் வந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் பிரிப்பது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆகவே வாயைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு எழுது.

இங்கே வேலை சரியாக இருக்கிறது. எட்டு மாடு, காலையில் பால்வண்டி வருவதற்குள் கறந்து முடிக்க வேண்டும். பிறகு வயல்.

என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டிருக்கிறாள். இன்றைக்குப் பருப்பு வேகவைத்து, உருளைக்கிழங்கு வறுத்து, சின்ன மாமாவுக்கு மட்டும் காரம் தூக்கலாகத் தனியாக எடுத்து, அத்தைக்குப் பல் வலி என்பதால் அவருக்குச் சோற்றைக் குழைத்து வைத்தேன். அம்மாவிடம் சொல், கவலைப்பட ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா

பி.கு.: வாலு, மாமா எழுதுகிறேன். உங்க அக்காவின் கடிதத்தை நான் தபாலில் போடப் போகும்போது கடைசியில் இடம் இருந்தது. அடுத்த கடிதம் சீக்கிரம். நாங்கள் எல்லோரும் பசியோடு இருக்கிறோம் (கடிதத்துக்கு).


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கும், இதை வாசித்துக்கொண்டிருக்கும் மாமாவுக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் அத்தைக்கும் (கேட்கிறதா அத்தை?), வாயில் சோற்றோடு சிரிக்கும் சின்ன மாமாவுக்கும்,

நலம், நலம், நலம், நலம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெற்றி! அம்மா சண்டையை நிறுத்திவிட்டாள். அப்பா தான் ஜெயித்ததாக நினைத்து இரண்டு நாள் மீசையைத் தடவினார். மூன்றாம் நாள் விடிந்து பார்த்தால் அம்மா மோட்டார் பம்ப் பக்கத்தில் கொத்திக்கொண்டிருக்கிறாள். குழாய் ஒழுகி எப்போதும் சதசதவென்று கிடக்குமே, அந்த இடம். சோளம் அங்கே அழுகிப்போகும், அதனால் அப்பா அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

"அங்க என்னடி விளையும்? தவளைதான் விளையும்" என்றார் அப்பா.

அன்று மாலையே நான் ஒரு பலகை எழுதி நட்டுவிட்டேன்: "தவளைப் பண்ணை. உரிமையாளர்: அம்மா. அப்பாக்கள் அனுமதி பெற்று உள்ளே வரவும்." லாரிக்காரர் அதைப் படித்துவிட்டு அப்பாவிடம், "என்ன முதலாளி, தவளை ஏற்றுமதியா?" என்று கேட்க, அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எப்படி மறுப்பது? "நடத்து, உன் பண்ணைய நீயே நடத்து" என்று சொல்லிவிட்டார். சாட்சி: நான், லாரிக்காரர், தவளைகள்.

கீரை முளைத்துவிட்டது அக்கா! மண்ணுக்கு மேலே பச்சையாகத் தூசி படிந்த மாதிரி. அம்மா தினமும் குனிந்து அதனிடம் ஏதோ பேசுகிறாள். என்னிடம்கூட இவ்வளவு பேசுவதில்லை.

இந்தக் கடிதத்தோடு பால்வண்டி அண்ணனிடம் ஒரு கூடை முட்டை கொடுத்தனுப்புகிறோம். அவர் நம் ஊரைத் தாண்டித்தான் உங்கள் ஊருக்கு வருகிறாராம், கண்டுபிடித்தவள் நான். சுளுக்கு விழுந்த கோழியின் பங்களிப்பும் அதில் உண்டு. "வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு" என்று அம்மா சொல்லித்தான் வைக்கோலில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள்.

என்ன சாப்பிட்டாய்?

இப்படிக்கு,
வாலு
(தவளைப் பண்ணையின் விளம்பரத்துறை)


ஏப்ரல் 7

அன்பு வாலுவுக்கு,

நலம். தாமதமாகப் பதில் எழுதுகிறேன், கோபிக்காதே. வெயில் அதிகம். கொஞ்சம் தலை சுற்றுகிறது, வேறொன்றும் இல்லை.

முட்டை உடையாமல் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு நன்றி சொல். ஒரு நாள் வேகவைத்தேன், ஒரு நாள் வெங்காயம் போட்டுப் பொரித்தேன். நேற்று பூசணிக்காயும் பருப்பும் சமைத்தேன். எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள்.

தவளைப் பண்ணை பற்றி இன்னும் எழுது.

அக்கா

பி.கு.: மாமா. முட்டை பிரமாதம்! நானும் தம்பியும் இரண்டே நாளில் முடித்துவிட்டோம். அந்தச் சுளுக்குக் கோழிக்கு என் தனிப்பட்ட வணக்கம்.


மே 2

அக்கா,

இது தபாலில் வரவில்லை. பால்வண்டி அண்ணனிடம், "அக்கா மாட்டுக் கொட்டகையில தனியா இருக்கும்போது மட்டும் குடுங்க" என்று சத்தியம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு மாட்டுக்குப் போட்டுவிடு. மாடு படித்துக் காட்டாது.

நலமா என்று சும்மா கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

போன வாரம் நர்ஸம்மா வந்தார். பெண்கள் எல்லோருக்கும் விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்தார். அம்மாவுக்கு ரொம்பக் குறைவு. நர்ஸம்மா கேட்டார், "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். "காலையில பருப்பு வச்சேன், மத்தியானம் கத்திரிக்காய் வதக்கினேன், இவளுக்கு முட்டை பொரிச்சேன்..."

"நீங்க என்ன சமைச்சீங்கன்னு கேக்கலம்மா. என்ன சாப்பிட்டீங்க?"

அம்மா வாயைத் திறந்தாள். அப்படியே மூடினாள். யோசிக்கிறாள் அக்கா! நேற்று என்ன சாப்பிட்டோம் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. எங்களுக்குப் போட்டு முடித்து, மிச்சம் இருந்ததில் தண்ணீர் ஊற்றி, நின்றபடியே குடித்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அடுத்தவளைக் கேட்டபோது அவளும் சமையல்தான் சொன்னாள். அதற்கடுத்தவளும். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அன்று முதல் தவளைப் பண்ணையில் புதுச் சட்டம். முதல் கூடை நம் அடுப்படிக்கு, அதற்குப் பிறகுதான் சந்தை. அவரை காய்த்ததும் அப்பா, "லாரியில ஒரு மூட்டை போட்டு விடலாமே" என்றார். அம்மா, "பண்ணை யாருது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அப்பா பலகையைப் பார்த்தார், என்னை முறைத்தார், உள்ளே போய்விட்டார். ராத்திரி அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். முதலில் அவளுக்குக் கூச்சம், எழுந்து எழுந்து ஓடினாள். நான் அவள் சேலை முந்தானையை என் காலுக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அப்பாதான் தண்ணீர் எடுத்து வந்தார். குடத்துக்கும் அடுப்படிக்கும் வழி அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதிசயம்!

இதெல்லாம் முடிந்து படுத்தவள், எழுந்து உன் கடிதங்களை எடுத்துப் படித்தேன். பருப்பு வேகவைத்தேன். உருளைக்கிழங்கு வறுத்தேன். முட்டை பொரித்தேன். எல்லாம் சமைத்தது. ஒன்றாவது நீ சாப்பிட்டது உண்டா? முட்டையை மாமாவும் சின்ன மாமாவும் முடித்துவிட்டார்கள் என்று மாமாவே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

அக்கா, மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். இது அம்மா கேட்பது இல்லை, நான் கேட்பது. இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?

வாலு


மே 9

வாலு,

நலம்தான். இதையும் பால்வண்டி அண்ணனிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ பெரிய மனுஷி மாதிரி எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது, பழையபடி எழுது.

இங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் என்னைத் திட்டுவதில்லை, அடிப்பதில்லை. மாமா என்னைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. எல்லோருக்கும் போட்ட பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுப்படிக்குள் வந்து பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாப்பாட்டுக்கு அலைகிறவள் என்று ஆகிவிடக் கூடாது.

இங்கும் நர்ஸம்மா வந்தார். ரத்தம் குறைவு, குழந்தை எடை போதாது என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்களாம்.

எதையும் கிளறாதே. அம்மாவிடம் சொல்லாதே. அம்மா உட்கார்ந்து சாப்பிட்டாள் என்ற இடத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். மற்றதை மாட்டுக்குப் போட்டுவிட்டேன்.

அக்கா


மே 20

(உறையின் மேல்: சாப்பிட உட்கார்ந்த பிறகு மட்டும் பிரிக்கவும். முன்னாலேயே பிரிப்பவர் கை வீங்கும்.)

பெருமதிப்புக்குரிய கூடத்தாருக்கு,

வாசிக்கும் மாமாவுக்கு வணக்கம். தொண்டையைச் செருமிக்கொள்ளுங்கள். இங்கே அனைவரும் நலம். கோழிக்குச் சுளுக்கு விட்டுவிட்டது, அது இப்போது அப்பாவை விரட்டுகிறது.

இன்று கதை கிடையாது. விளையாட்டு! எங்கள் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணியில் நாங்கள் ஆடுவது. ரொம்ப ஜாலியாக இருக்கும். பின்வாங்குகிறவர் கோழிக்குப் பிறந்த கோழை. (அத்தை, உங்களை இல்லை. ஆனால் நீங்களும் பின்வாங்கக் கூடாது.)

முதலில் எல்லோரும் இருக்கிறீர்களா? மாமா, ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அடுப்படியில் யாராவது நிற்கிறார்களா? கூப்பிடுங்கள். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்" என்று சொன்னால் அந்தப் பாச்சா இந்த ஆட்டத்தில் பலிக்காது. ஆள் குறைந்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லையென்றால் இனிமேல் கடிதமும் இல்லை.

வந்தாச்சா? வட்டமாக உட்காருங்கள். அத்தைக்கு இடது கைப்பக்கம் அக்கா உட்காரட்டும், அக்காவுக்கு இடது கைப்பக்கம் மாமா.

இப்போது ஒவ்வொருவரும், தினமும் எதில் சாப்பிடுகிறீர்களோ அதில், தினமும் என்ன சாப்பிடுகிறீர்களோ அதைப் போட்டு முன்னால் வையுங்கள். விருந்தாளித் தட்டு எடுக்கக் கூடாது. கூடுதலாக அலங்காரம் கூடாது. அக்கா, உனக்கும்தான். ஏமாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும், எப்படி என்று கேட்காதே.

வைத்தாச்சா? சரி. இதுதான் ஆட்டம்: எல்லோரும் அவரவர் தட்டை வலப்பக்கம் நகர்த்தவும்.

உங்கள் முன்னால் வந்ததைச் சாப்பிட்டு முடிக்கவும். மாற்றக் கூடாது, மிச்சம் வைக்கக் கூடாது.

ஜெயித்தவர் யார் என்று எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு, மிகவும் பணிவுடன் (சிரிக்காதீர்கள்),
வாலு


ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எங்கள் நலம் பற்றி நீ கேட்கவே இல்லையே. நீ மட்டுமில்லை, யாருமே. கடிதம் போட்டு மாதம் ஒன்று நெருங்கிவிட்டது.

பால்வண்டி அண்ணனைக் கேட்டேன். கொட்டகையில் இப்போது மாமாதான் பால் அளந்து ஊற்றுகிறாராம். "உங்க அக்காவ கண்ணுலயே பாக்கலம்மா. வீடு ஒரு மாதிரி கம்முனு இருக்கு" என்றார்.

ஆட்டத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்து முதுகைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கொத்திக்கொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவ அங்க இருக்கணும்டி. நீ இங்க இருந்துகிட்டு விளையாடிட்டே" என்றாள். அடித்திருந்தால் தேவலை.

கிளறாதே என்றாய். நான் கிளறிவிட்டேன். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை அக்கா. இன்று பூசணி ஒன்று என் தலையை விடப் பெரிதாகக் காய்த்திருக்கிறது, அதைப் பற்றிக்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பாதான் அதற்கு இரண்டு கண் வரைந்து உன் தங்கச்சி மாதிரி இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்துவிட்டுத் துடைத்துவிட்டார்.

ஒரு வரி எழுது. திட்டி எழுது. திட்டினால்கூடப் போதும்.

வாலு


ஜூலை 8

அடியே வாலு,

நான் உன் அத்தை. நான் சொல்றேன், என் பிள்ளை எழுதறான். ஒரு எழுத்து மாத்தினாலும் சோறு கிடையாதுன்னு சொல்லியிருக்கேன்.

நலமா இருக்கியா? நல்லாத்தான் இருப்பே. ஊரைக் கொளுத்திட்டு ஓரமா நின்னு வேடிக்கை பாக்கிறவளுக்கு என்ன குறை?

உன் விளையாட்டுல என் மடிக்கு வந்து சேர்ந்தது என்ன தெரியுமா? தட்டு இல்ல. சட்டி மூடி. ஒரு ஓரம் நசுங்கின மூடி. அதுல அடிப்பிடிச்ச சோறு ஒரு பிடி, பருப்புச் சட்டிய கழுவின தண்ணி, ஒரு பச்சை மிளகாய். ஆறு மாசப் பிள்ளைய வயித்துல வச்சிருக்கிறவ சாப்பாடு.

நான் இவன் மூஞ்சியப் பாத்தேன். இவன் என் மூஞ்சியப் பாத்தான். சின்னவன் வாயில வச்ச முட்டைய முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம உக்காந்திருந்தான். மிச்சம் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தியே. நான் சாப்பிட்டேன். அந்த ருசி எனக்குத் தெரியும்டி. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கும் அதே மூடிதான். என் மாமியார் போன பிறகு அவங்க தட்டு எனக்கு வந்துச்சு. மூடி சும்மா கிடந்துச்சு. உங்க அக்கா வந்தா, எடுத்துகிட்டா. நான் குடுக்கல. வேணாம்னும் சொல்லல.

காது மந்தம்னு எழுதினியே, கண்ணு மந்தம்னு எழுதியிருந்தா சரியா இருந்திருக்கும்.

இதுக்கெல்லாம் உனக்கு நன்றி சொல்வேன்னு நினைக்காதே. நேர்ல வா, காதைத் திருகித் தோரணம் கட்டறேன். வரும்போது உங்க அம்மாகிட்ட தவளைப் பண்ணை விதை எல்லாத்துலயும் கொஞ்சம் வாங்கிட்டு வா. எனக்கில்ல. அவ கேட்டிருக்கா. வர நாளாகும்னா பால்வண்டியில குடுத்து விடு.

உங்க வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.

அத்தை

பி.கு.: மாமா. ஒரு எழுத்தும் மாற்றவில்லை. முட்டைக்கு என்னை மன்னித்துவிடு. கோழியிடமும் சொல்.


ஆகஸ்ட் 19

என் அருமை வாலுவுக்கு,

நான் நலம். இம்முறை இதை எழுதிவிட்டு ஒரு தடவை திரும்பிப் படித்தேன், உண்மைதானா என்று. உண்மைதான். ரத்தம் ஏறியிருக்கிறது, குழந்தை எடை கூடியிருக்கிறது என்று நர்ஸம்மா நேற்றுச் சொன்னார். உள்ளே இருக்கும் ஆள் இப்போது உதைக்கிற உதையில் எனக்குத் தூக்கம் போகிறது. உன்னைக் கொண்டு பிறக்கிறது என்று சந்தேகமாக இருக்கிறது.

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் உன் மேல் கோபம் இல்லை. அன்று நடந்ததை அத்தை எழுதிவிட்டார். அவருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாமா உன் கடிதத்தைப் படித்து, "தினமும் எதில் சாப்பிடுகிறீர்களோ" என்ற இடத்துக்கு வந்தபோது நான் அடுப்படிக்குள் போனேன். பரணில் விருந்தாளித் தட்டு பளபளவென்று இருந்தது. கையை நீட்டிவிட்டேன். அதை எடுத்து, பருப்பும் சோறும் நிறைய வைத்துக்கொண்டு போயிருந்தால் எல்லோரும் சிரித்துச் சாப்பிட்டுக் கலைந்திருப்பார்கள். எதையும் கிளறாதே என்று உனக்கு எழுதியவள் அப்படித்தானே செய்ய வேண்டும்? கையை இறக்கி மூடியை எடுத்தேன், வாலு. அந்த இரண்டு அடி தூரம் கொண்டுபோவதற்குள் சோறு கொஞ்சம் சிந்தியது.

பிறகு வீடு கம்மென்று ஆயிற்று. மாமா என்னோடு பேசவில்லை. கொட்டகை வேலையைத் தானே எடுத்துக்கொண்டு காலையில் போனால் என் முகத்தைப் பார்க்காமல் வருவார். அவர் கோபம் என் மேல் என்றே நினைத்திருந்தேன். தலைகுனிவு என்று புரிய எனக்கு வெகுநாள் ஆயிற்று. அத்தையோ சரியாகச் சாப்பிடவே இல்லை. பிறகு ஒரு நாள் சந்தைக்குத் தனியாகப் போய், விளிம்பில் கோடு போட்ட புதுத் தட்டு ஒன்று வாங்கிவந்து, "இந்தா" என்று என் முன்னால் வைத்தார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. தவளைப் பலகை ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"தட்டு மட்டும் போதாது அத்தை," என்றேன். "அதுல என்ன விழணும்னு சொல்ல எனக்கு ஒரு இடம் வேணும்."

"என்ன இடம்?"

"கொட்டகைக்குப் பின்னால மாடு கழுவின தண்ணி போற இடம். அங்க நான் விதைக்கிறேன். வர்றத முதல்ல நம்ம வீட்ல சாப்பிடுவோம். அப்புறம், வண்டிக்கு ஊத்தறதுக்கு முன்னால ஒரு சொம்பு பால் வீட்டுக்கு எடுத்து வைக்கணும். உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்க பல்லு ஏன் ஆடுதுன்னு நினைக்கிறீங்க?"

மாமா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பால் அளவு குறையும்னு சொசைட்டியில கேப்பாங்களே" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. அத்தை திரும்பிப் பார்த்து, "கேட்டா, வீட்ல வாய் இருக்குன்னு சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கும்.

அம்மா அனுப்பிய விதை எல்லாம் முளைத்தது. கீரை இரண்டு முறை அறுத்தாகிவிட்டது, அவரை கொடி ஓடி நேற்றுத்தான் பூ விட்டது. சின்ன மாமா உன் வழியில் பலகை நட்டிருக்கிறான்: "கொட்டகைப் பண்ணை. உரிமையாளர்: அண்ணி. மாடுகள் அனுமதி பெற்று உள்ளே வரவும்." மாடுகளுக்குப் படிக்கத் தெரியவில்லை, அதனால் வேலியும் கட்டினான். அம்மாவிடம் சொல், பெரிய பூசணி விதை இன்னும் கொஞ்சம் வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடப்போகிறேன். மாமாவுக்கு இன்று அடுப்படியை விட்டு நகர நேரமில்லை.

நீ மூன்று முறை கேட்ட கேள்விக்கு: கீரை, முட்டை, பால், சோறு. சூடாக. எல்லோரோடும் உட்கார்ந்து. மாமா சமைத்தது, உப்புப் போட மறந்துவிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ என்ன சாப்பிட்டாய்?

அன்புடன்,
அக்கா